குளத்துக்குள் ஒரு தீவு... தீவுக்குக் கீழே ஒரு ரகசியம்!

பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருபவர்களின் வழி பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் கும்பிட்டுவிட்டு, காந்தி ரோட்டில் ஏறி இறங்கி முகூர்த்தப் புடவை வாங்கி, பசிக்கும் நேரத்துக்கு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் இருப்பவர்கள் சின்ன காஞ்சிபுரம் போவார்கள். வரதராஜப் பெருமாளை சேவித்து, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு, நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கல் சங்கிலியைப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த மண்டபத்துக்கு வடக்கே ஒரு குளம். பெயர் அனந்த சரஸ். குளத்தின் நடுவே இரண்டு சிறிய கல் மண்டபங்கள், இரண்டு குட்டித் தீவுகள் மாதிரி நிற்கின்றன. படிக்கட்டில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். பிரமாண்டமாக எதுவும் இல்லை. மீன்கள், பாசி, படியில் உட்கார்ந்து பொரி போடும் குழந்தைகள்.

ஆனால், அந்த இரண்டில் நான்கு கால் கொண்ட மண்டபத்துக்கு அடியில், நீருக்குள், அத்தி மரத்தில் செய்த ஒரு பெருமாள் படுத்திருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். கடைசியாக வந்தது 2019-ல். அதற்கு முன் 1979. அடுத்து 2059.

அத்திவரதர் கதை தெரியாதவர்கள் இன்று தமிழ்நாட்டில் குறைவு. 2019 கோடையில் ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்பிலும் அவர்தான் இருந்தார். என்றாலும், அவர் ஏன் அந்தத் தீவுக்கு அடியில் போனார், அங்கே இருப்பதை ஊர் எப்படி மறந்தது, எந்தக் குடும்பத்தின் கையில் அந்த ரகசியம் இருந்தது என்பதெல்லாம் கூட்டச் செய்திகளுக்கு நடுவே காணாமல் போய்விட்டது. பார்க்கப்போனால் சாமியைவிட அந்தக் குளத்தின் கதைதான் நீளம்.

நெருப்பிலிருந்து தண்ணீருக்கு

புராணம் சொல்லும் காரணம் எளிமையானது. காஞ்சியில் பிரம்மா ஒரு யாகம் செய்தார். சரஸ்வதியை அழைக்காமலே தொடங்கிவிட்டார். கோபித்துக்கொண்ட சரஸ்வதி, வேகவதி ஆறாகப் பெருகி யாகசாலையை அடித்துக்கொண்டு போக வந்தாள். பெருமாள் ஆற்றுக்குக் குறுக்கே அணைபோலப் படுத்துத் தடுத்தார். அந்த இடம்தான் திருவெஃகா, சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில். யாகம் நிறைவேறியது. வேள்வித் தீயிலிருந்து வரதர் வெளிப்பட்டார். தீயில் பிறந்தவர் என்பதால் அவர் திருமேனியின் சூடு தணியக் குளிர்ந்த நீரில் வைத்தார்கள் என்று முடிகிறது கதை.

காஞ்சியின் கதைகளைக் கொஞ்சம் கூர்ந்து கவனித்தால் எல்லாவற்றிலும் தண்ணீர் வரும். இங்கே வேகவதியின் வெள்ளம். பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சி மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டபோது கம்பை ஆறு பெருகி வர, லிங்கம் கரையாமல் இருக்க அம்மன் அதைக் கட்டி அணைத்துக்கொண்டாள். மேற்கே சர்வ தீர்த்தம், காமாட்சி கோயிலுக்குள் பஞ்ச கங்கை. ஏரி நீரிலும் கிணற்று நீரிலும் வாழ்ந்த ஊர் இது. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் நிலத்தில் சாமிகளுக்கும் அந்தக் கவலை இருந்திருக்கிறது.

சரித்திரம் சொல்லும் காரணம் வேறு. அது பயம்.

பிணம்போல வேடமிட்டுப் போன சாமிகள்

17-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அவுரங்கசீப்பின் படைகள் தெற்கே இறங்கிவிட்டன. மராத்தியர்களோடு செஞ்சியைச் சுற்றிப் போர். காஞ்சிபுரம் அந்தப் பாதையில் இருந்தது. எந்தப் படை எப்போது ஊருக்குள் நுழையும் என்று தெரியாது. நுழைந்தால், கோயிலின் பொன்னும் நகையும் விக்கிரகங்களும் என்ன ஆகும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே, 1688 வாக்கில் உற்சவர்களை ஊரைவிட்டு வெளியேற்ற முடிவு செய்தார்கள். எப்படி? பாடையில் வைத்து, பிணம்போல மூடி, சவ ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. தினமும் குடை, சாமரம், மேளத்தோடு வீதி வந்த சாமி, ஒரு நாள் பிணத்தின் வேடத்தில் ஊரைக் கடந்தது. யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள். அந்த யோசனையைச் சொன்னவர் யாரோ, பெரிய ஆள்தான்.

வரதர் போய்ச் சேர்ந்த இடம், காடு சூழ்ந்த உடையார்பாளையம். இன்றைய அரியலூர் மாவட்டம். அங்கே ஆண்டவர்கள் 'காலாட்கள் தோழ உடையார்' என்ற பட்டம் கொண்ட பாளையக்காரர்கள். பெயருக்கு முன்னால் 'கச்சி' என்று சேர்த்துக்கொள்ளும் வம்சம் அது. கச்சி என்றால் காஞ்சிதான். காஞ்சியின் பெயரைச் சுமந்த குடும்பத்தின் கோட்டைக்குக் காஞ்சியின் சாமியே அடைக்கலமாக வந்து சேர்ந்தது.

ஆபத்து நீங்கியபின் திரும்பக் கேட்டால், பாளையக்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் பூஜை செய்த சாமியாயிற்றே! கடைசியில் ஆத்தான் ஜீயர் என்ற வைணவத் துறவி, தன் சீடரான லாலா தோடர்மல்லைத் தூண்டினார். தோடர்மல் யாரென்றால், கர்நாடக நவாப் சாதத்துல்லா கானின் கீழ் பணியாற்றிய தளபதி. அவர் படையோடு போய்ப் பேச, 1710-ல் வரதர் காஞ்சிக்குத் திரும்பினார். ஒரு முகலாயப் படைக்குப் பயந்து போன சாமியை மீட்டு வந்தது, முகலாயர் நியமித்த நவாபின் அதிகாரி. சரித்திரம் இப்படித்தான், ஒரே வரியில் அடங்காது. இந்த மீட்பைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே, தாயார் சந்நிதிப் பக்கம் இருக்கிறது. பங்குனி மாதத்தில் 'உடையார்பாளையம் உற்சவம்' என்று இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

எல்லா சாமிக்கும் இந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்துக் காமாட்சி கோயிலிலிருந்து பொன்னாலான பங்காரு காமாட்சியும் இதே போன்ற அச்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினாள். அவளைச் சுமந்தது ஒரு அர்ச்சகர் குடும்பம். செஞ்சி, உடையார்பாளையம், பிறகு திருவாரூர் என்று தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தக் குடும்பத்தில், திருவாரூரில், 1762-ல் பிறந்த பிள்ளைதான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி. பங்காரு காமாட்சி கடைசியில் தஞ்சாவூரில் தங்கிவிட்டாள். மேல வீதியில் இன்றும் அவள் கோயில் இருக்கிறது. காஞ்சிக்குத் திரும்பவே இல்லை.

உற்சவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஆளைவிட உயரமான மர மூலவரை என்ன செய்வது? அவரைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊரைத் தாண்ட முடியாது. பக்கத்தில் இருந்தது குளம்.

தண்ணீர் சுமந்த வம்சம்

இந்த இடத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வரதர் கோயிலின் பல நூற்றாண்டு நிர்வாகம் அவர்கள் கையில் இருந்தது. தாதாசாரியார் குடும்பம்.

ராமானுஜரின் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி. திருமலையில் பெருமாளுக்குத் தினமும் தூரத்திலிருந்து நீர் சுமந்து வருவது அவர் கைங்கரியம். வயதான காலத்தில் ஒரு நாள் குடத்தோடு வரும்போது, ஒரு வேடன் வழிமறித்து, "தாதா, தாகமாயிருக்கிறது, தண்ணீர் கொடு" என்று கேட்டானாம். சாமிக்கு உரியது என்று நம்பி மறுக்க, வேடன் குடத்தைத் துளைத்துக் குடித்துவிட்டான். பிறகு மலையில் அம்பு எய்து பக்கத்திலேயே ஒரு ஊற்றைக் காட்டினான். அதுதான் ஆகாச கங்கை. வந்தது பெருமாளேதான் என்பது கதை. பெருமாளே 'தாதா' என்று கூப்பிட்டதால் அவர் வழிவந்தவர்கள் தாதாசாரியார்கள் ஆனார்கள். ஒரு குடும்பத்துக்குப் பெயரே தண்ணீரிலிருந்து வந்திருக்கிறது.

இந்த வம்சத்தில் பெரிய பெயர், லட்சுமிகுமார தாதாசாரியார். விஜயநகரப் பேரரசு தலைக்கோட்டைப் போருக்குப் பின் தேய்ந்துகொண்டிருந்த காலம். வேங்கடபதி தேவராயர், 1586 முதல் 1614 வரை ஆண்டவர், இவரைக் குருவாகக் கொண்டார். ஏழைப் பெண்களுக்குத் திருமணம் செய்துவைத்ததால் 'கோடி கன்னிகாதானம்' என்ற பட்டமும் இவருக்கு உண்டு. கோடி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாம், நிறைய என்று எடுத்துக்கொள்ளலாம். வரதர் கோயிலில் பொன் வேய்ந்த விமானம், வாகனங்கள், உற்சவங்கள் என்று இவர் காலத்துத் திருப்பணிகள் ஏராளம்.

ஆனால், இவர் வேலைகளில் மிகப் பெரியது கோயிலுக்கு வெளியே, பாலாற்றுக்கு அப்பால் இருக்கிறது. ஒரு ஏரி. அதை ஏரி என்றே சொல்ல வேண்டும், அவ்வளவு பெரிது. ஊர் மட்டும் அதை அடக்கமாகக் 'குளம்' என்கிறது. ஐயங்கார்குளம். இங்கே ஐயங்கார் என்றால் தாதாசாரியார். கரையில் சஞ்சீவிராயர் கோயில், அனுமாருக்காக அவர் கட்டியது. திருடர்கள் வழிமறித்தபோது குரங்குகள் கூட்டமாக வந்து விரட்டியதாகவும், அந்த நன்றிக்கே கோயில் என்றும் ஒரு கதை உண்டு. அனுமார்மீது அவர் 20 சுலோகங்கள் பாடினார். அவை வரதர் கோயில் சுவரில் கல்வெட்டாகவே இருக்கின்றன.

இந்தப் பக்கத்து நிலத்தைப் பார்த்தால் ஏரி வெட்டுவது ஏன் இவ்வளவு பெரிய புண்ணியமாக எண்ணப்பட்டது என்று புரியும். பாலாற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. வருவதைப் பிடித்து வைத்தால்தான் நெல். ஐயங்கார்குளத்துக்குப் பக்கத்திலேயே தூசி மாமண்டூர் ஏரி. அது மகேந்திரவர்ம பல்லவன் காலத்து 'சித்திரமேகத் தடாகம்', ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. பல்லவ ராஜா செய்ததை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து ஒரு ராஜகுரு தன் அளவில் செய்தார்.

தெரிந்தவர் போனார், ரகசியமும் போனது

மீண்டும் அனந்த சரஸ். மூலவரைக் குளத்துக்குள், நீராழி மண்டபத்துக்கு அடியிலுள்ள அறையில் இறக்கி மறைத்தார்கள். கோயில் வழக்கில் சொல்லப்படும் கதைப்படி, எந்த இடம் என்பது நிர்வாகத்தில் இருந்த தாதாசாரியார் குடும்பத்தில் ஓரிருவருக்கு மட்டுமே தெரியும். அதிகம் பேருக்குத் தெரிந்தால் அது ரகசியம் இல்லையே. அதில்தான் சிக்கல் வந்தது. தெரிந்தவர்கள் அடுத்தவரிடம் சொல்லாமலே காலமாகிவிட்டார்கள்.

யுத்தம் ஓய்ந்தது. கோயிலைத் திறந்தார்கள். மூலவர் எங்கே? யாருக்கும் தெரியவில்லை.

ஒரு ஊர் தன் சாமியையே தொலைத்துவிட்டு நின்றது. தேடிப் பார்த்துச் சலித்தபின், பழைய சீவரத்திலிருந்து ஒரு கல் மூலவரைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள் என்கிறது மரபு. இன்று கருவறையில் நாம் சேவிக்கும் தேவராஜப் பெருமாள் அவர்தான். பொங்கலை ஒட்டி நடக்கும் பார்வேட்டையில் வரதர் பழைய சீவரம் மலைக்குப் போய் வருவதை, தன் பழைய வீட்டை எட்டிப் பார்க்கப் போவதாக ஊரார் சொல்வார்கள்.

பிறகு எப்போதோ, 1709 என்று சொல்வதுண்டு, குளம் வற்றியது. அடியில் மரப் பெருமாள் அப்படியே இருந்தார். மறைந்து 40 ஆண்டு ஆகியிருந்ததாம். கருவறையிலோ வேறொருவர் வந்துவிட்டார். இரண்டு மூலவர் எப்படி? ஆகவே, பழையவர் மீண்டும் தண்ணீருக்கே போனார், 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்து ஒரு மண்டலம் காட்சி தருவது என்ற ஏற்பாட்டோடு.

பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு ஏற்பாடாக மட்டும் பார்த்தாலும் இது அசாத்தியமான யோசனை. ஒரு குடும்பத்திடம் வைத்த ரகசியம் அந்தக் குடும்பத்தோடு போய்விட்டது. அதற்கப்புறம் அதை ஊரிடமே ஒப்படைத்துவிட்டார்கள். 40 என்ற எண்ணும் கச்சிதம். 10 ஆண்டு என்றால் சாதாரணத் திருவிழா ஆகிவிடும். 100 ஆண்டு என்றால் பார்த்தவர் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். 40 என்றால், போன முறை பார்த்தவர் ஒருவராவது வீட்டில் உட்கார்ந்திருப்பார். 2019-ல் வரிசையில் நின்ற எத்தனையோ குடும்பங்களில் "போன தடவை உன் அப்பாவை இடுப்பில் தூக்கிக்கிட்டு வந்தேன்" என்று பேரனிடம் சொல்லப் பாட்டிகள் இருந்தார்கள். இந்த ரகசியம் இனி ஒருவரோடு சாகாது.

மரம் ஏன் மக்கவில்லை?

தண்ணீரில் கிடக்கும் மரம் அழுகிவிடாதா என்று 2019-ல் கேட்காத ஆள் இல்லை. மரத்தை மக்கச் செய்வது பெரும்பாலும் பூஞ்சை. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். வாசல் கதவின் அடிப்பக்கம்தானே முதலில் இற்றுப்போகிறது? நனைந்து, காய்ந்து, மீண்டும் நனையும் மரம்தான் சீக்கிரம் கெடும். முழுக்க மூழ்கி, காற்றே படாத சேற்றிலும் நீரிலும் கிடக்கும் மரம் நெடுங்காலம் தாங்கும். அத்தி மரமும் நீரில் தாக்குப்பிடிப்பதாகவே நம் ஊரில் எண்ணி வந்திருக்கிறார்கள். குளத்துக்குள் இறக்கும் முன் திருமேனிக்குத் தைலக்காப்பும் சாத்துகிறார்கள்.

இதற்கு உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் 'லாக் டே' என்று ஒரு நீண்ட ஏரி. லாக் என்றால் அவர்கள் மொழியில் ஏரி. அங்கேயும் நீருக்குள் மனிதர் கையால் செய்த தீவுகள். ஏரிப் படுகையில் மரக் கால்களை அறைந்து, மேலே தளம் போட்டு, வட்ட வீடு கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். 'கிரானாக்' என்று பெயர். லாக் டேயில் மட்டும் 18 கிரானாக்குகளின் மிச்சங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்றில் நீருக்கடியில் அகழ்ந்தபோது, சுமார் 2,500 ஆண்டுக்கு முந்தைய மரக் கால்கள் கிடைத்தன. மரப் பாத்திரம் ஒன்றில் வெண்ணெய்ப் பிசுக்குகூட ஒட்டியிருந்தது. நீர் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது.

அந்த நாட்டிலும் குலங்கள்தான் ஏரித் தீவுகளைக் காத்தன. கேம்பல், மெக்ரிகர் என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பகுதி. எதிரி வந்தால் தீவுக்குள் போய்விடுவார்கள். சில தீவுகளில் குலத் தலைவர்களைப் புதைத்தார்கள். அங்கே ஆபத்துக் காலத்தில் மனிதர்கள் தீவுக்குள் ஒளிந்தார்கள். காஞ்சியில் தங்களை விட்டுவிட்டுச் சாமியை ஒளித்தார்கள். தண்ணீருக்கு நடுவே இருப்பதுதான் பாதுகாப்பு என்று இரு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் அறியாமலே முடிவு செய்திருக்கிறார்கள்.

குலம் என்று வந்தால் சண்டையும் வரும். ஸ்காட்லாந்தில் வாள் எடுத்தார்கள். காஞ்சியில் வழக்குப் போட்டார்கள். வடகலையா, தென்கலையா? பெருமாள் முன் யார் எதைப் பாடலாம், யாருக்கு முதல் தீர்த்தம்? 1882-லேயே சென்னை உயர் நீதிமன்றம் இந்தக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் உரிமைபற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் உற்சவத்தின்போது இரு தரப்பும் வாக்குவாதம் செய்யும் வீடியோ அவ்வப்போது போனில் வரத்தான் செய்கிறது. நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையிடம் வந்த பிறகும் பங்காளிச் சண்டை ஓயவில்லை. பார்க்கும் பக்தர்களுக்குத்தான் சங்கடம்.

48 நாட்கள்

2019 ஜூலை 1. குளத்து நீரை இறைத்து வெளியே எடுத்திருந்த அத்திவரதரின் தரிசனம் வசந்த மண்டபத்தில் தொடங்கியது. ஜூலை முழுக்கச் சயனக் கோலம். ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம். ஒவ்வொரு நாளும் ஒரு நிறத்தில் பட்டு. நெசவாளர் ஊரின் சாமிக்கு அது பொருத்தம்தான்.

1979-ல் இந்த ஊருக்கு வந்து போன கூட்டம் வேறு. 2019-ல் ஒவ்வொரு கையிலும் ஒரு போன். முதல் வாரத்துப் படங்கள் பரவியதும் சனி, ஞாயிறு என்று பார்க்காமல் லட்சக்கணக்கில் வந்தார்கள். குடியரசுத் தலைவராக இருந்த ராம்நாத் கோவிந்த் வந்து தரிசித்தார். மொத்தம் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். பல மணி நேரம் வெயிலில் நின்றவர்கள், பார்த்ததென்னவோ சில விநாடிகள். ஜூலை 18 அன்று நெரிசலில் 4 பேர் உயிரிழந்தார்கள். ஒரு சிறிய கோயில் நகரத்தின் தெருக்கள் இவ்வளவு பேரைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல. 2059-க்குத் திட்டமிடுபவர்கள் இந்த ஒரு நாளை மறக்கக் கூடாது.

அப்போது எழுந்த இன்னொரு கேள்வி முக்கியமானது. படையெடுப்புக்குப் பயந்துதானே நீரில் மறைத்தார்கள்? இப்போது யார் வரப்போகிறார்கள்? இனியும் ஏன் நீருக்குள் அனுப்ப வேண்டும்? மேலேயே வைத்துவிடலாமே என்று ஜீயர் ஒருவரே கேட்டார். தரிசன நாட்களை நீட்டிக்கக் கோரி நீதிமன்றத்துக்கும் போனார்கள். உயர் நீதிமன்றம் கோயில் வழக்கத்தில் தலையிடவில்லை. ஆகஸ்ட் 17 இரவு, தைலம் சாத்தி, அத்திவரதரை மீண்டும் மண்டபத்துக்கு அடியில் இறக்கினார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், மேலே வைத்திருந்தால் அவர் இன்னொரு சந்நிதி ஆகியிருப்பார். கூட்டம் ஒரு வருடத்தில் குறைந்திருக்கும். 40 ஆண்டு எண்ணிக் காத்திருக்கும் அந்தப் பழக்கம் போயிருக்கும். மரத்துக்கும் அது நல்லதில்லை. முன்னூறு ஆண்டாகத் தண்ணீரில் இருந்த மரம் காற்றில் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும். ஸ்வீடனில் 1628-ல் மூழ்கிய 'வாசா' என்ற கப்பலை 1961-ல் மேலே எடுத்தபோது, அதன் மரம் காய்ந்து வெடிக்காமலிருக்க 17 ஆண்டு ரசாயனம் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஆக, அத்திவரதர் பத்திரமாக இருக்க வேண்டுமானால் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். அதுவும் எல்லாக் காலத்திலும். பாசி படிந்த சாதாரணக் குளம்தான் அவருக்குப் பெட்டகம். பாலாற்று மணல் போய், ஊருக்குள் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, கோயில் குளங்கள் கோடையில் அடிமண் காட்டும் காலத்தில் இது லேசான பொறுப்பு இல்லை. வரத்துக் கால்வாயை அடைத்து வீடு கட்டிவிட்டு, வரதரைப் பார்க்க வரிசையில் நிற்பதில் அர்த்தமும் இல்லை.

40 ஆண்டு காத்திருக்க முடியாதவர்களுக்கு...

2059 வரை பொறுமை இல்லையா? ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் ஒரு சின்ன அத்திவரதர் அனுபவம் கிடைக்கும். இடம், தாதாசாரியாரின் அதே ஐயங்கார்குளம்.

ஏரிக்கரைக்கு அருகே, சஞ்சீவிராயர் கோயில் பக்கம், நடவாவி என்று ஒரு கிணறு. வாவி என்றால் நீர்நிலை, நடந்தே இறங்கக்கூடிய வாவி நடவாவி. குஜராத்தின் பாடன் நகரத்தில் இப்படிப்பட்ட ராணி கி வாவ் படிக்கிணறு உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. நம் ஊர்க் கிணற்றுக்கு அவ்வளவு புகழ் இல்லை. தரையில் ஒரு கல் தோரண வாசல், அதற்குள் கீழே இறங்கும் படிகள், அடியில் தூண்களோடு ஒரு மண்டபம், அதன் நடுவே கிணறு. வருடத்தின் பெரும்பகுதி மண்டபம் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் பச்சைத் தண்ணீர் மட்டும் தெரியும்.

சித்ரா பௌர்ணமி நெருங்கும்போது மோட்டார் வைத்து நீரை இறைப்பார்கள். மண்டபம் மெல்ல வெளியே வரும். தூண் சிற்பங்களைக் கழுவி, பூச்சரங்களும் விளக்குகளும் கட்டுவார்கள். வரதர் சின்ன காஞ்சியிலிருந்து கிளம்பி, செவிலிமேடு வழியாகப் பாலாற்றைக் கடந்து, ஊர் ஊராக மண்டகப்படி ஏற்றுக்கொண்டு வந்து சேர இரவாகிவிடும். படிகளில் இறங்கி நிலத்துக்கு அடியில் உள்ள மண்டபத்தில் எழுந்தருள்வார். மேலே நிலா, கீழே விளக்கு வெளிச்சம். பிறகு பாலாற்று மணலில் ஊற்று தோண்டி வைபவம் நடக்கும்.

போக விரும்பினால் மாலையிலேயே போய்விடுவது நல்லது, படிகள் குறுகல். ஈரமும் இருக்கும், குழந்தைகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும், சித்திரை வெயில் இரவிலும் தரையில் தங்கியிருக்கும்.

விழா முடிந்ததும் தோரணங்களை அவிழ்த்துவிடுவார்கள். மோட்டார் நின்றுவிடும். அன்றிரவு முதலே ஊற்றுக்கண்கள் வேலையை ஆரம்பித்துவிடும். முதலில் கிணறு, பிறகு கீழ்ப்படிகள், பிறகு மண்டபத்துத் தூண்கள் என்று ஒவ்வொன்றாக நீருக்குள் போய், அடுத்த சித்திரை வரை காத்திருக்கும்.